மூளைப் படத்தில் வலம் எது, இடம் எது?



தலையை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துக்கொண்டோருக்குப் பல மருத்துவமனைகளில் ஒரு குறுந்தகடும் தருகிறார்கள். அதனைக் கணிப்பொறியில் இட்டுத் திறந்தால், ஒரே படத்தை எதிர்பார்த்த நீங்கள் நூற்றுக்கணக்கான கோப்புகளைக் கண்டு மலைத்துப் போவீர்கள். அவற்றுள் ஒவ்வொன்றும், துண்டு போட்ட ரொட்டியின் ஒரு துண்டைப் போல, மூளையின் ஒரு மெல்லிய குறுக்குவெட்டாகும். இவ்வடிவத்திற்கு 1993-ஆம் ஆண்டு முதல் 'டைகாம்' என்று பெயர். ஒரு நிறுவனத்தின் கருவியில் எடுத்த படத்தை வேறொரு நிறுவனத்தின் திரையிலும் காணலாம் என்பதே அதன் பயன். (நோயாளியின் பெயரும் பிறந்த நாளும் அக்கோப்புகளுக்குள்ளேயே பதிந்திருக்கும், ஆகவே தகட்டைக் கண்டவரிடமெல்லாம் கொடுத்துவிடாதீர்கள்.)

மூளையை அளந்து ஆராயும் அறிஞர்கள் இத்துண்டுகளை ஒரே கனப்படமாக இணைத்து, இலண்டனில் உருவான எஸ்.பி.எம்., ஆக்ஸ்போர்டில் உருவான எஃப்.எஸ்.எல். போன்ற ஆய்வு மென்பொருள்களில் ஏற்றுகின்றனர். ஒவ்வொன்றும் 256-க்கு 256 புள்ளிகள் கொண்ட 176 துண்டுகள் எனில், மொத்தம் ஒரு கோடியே பதினைந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட எண்கள்! கணிப்பொறி அறிந்த மூளை அந்த எண்வரிசைதான்.

அவ்வரிசை எப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது? நெற்றி எது, பிடரி எது என்பதை உருவத்தைக் கொண்டே அறியலாம். மூளையின் வலப்பாதியும் இடப்பாதியுமோ கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் போல ஏறத்தாழ ஒத்திருப்பவை. மாற்றிப் போட்டாலும் கண்ணுக்குப் புலப்படாது. கதிரியல் மருத்துவர்கள், படுத்திருப்பவரின் கால்மாட்டில் நின்று நோக்குவது போலப் படத்தை அமைப்பார்கள். நோயாளியின் வலப்பக்கம் திரையின் இடப்பக்கத்தில் தோன்றும். நரம்பியல் ஆய்வாளர் பலர் வலத்தை வலமாகவே வைப்பார்கள். இரு வழக்குகளிலும் குற்றமில்லை. கையாண்டது எவ்வழக்கு என்று எழுதி வைக்காமற் போனாலே கேடு விளையும்.

அக்கேடு சிறிதன்று. 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, பேச்சிழந்து இறந்த ஒருவரின் மூளையில் இடப்பாதியின் முன்பகுதி பழுதுற்றிருக்கக் கண்டார். பெரும்பாலோருக்குப் பேச்சு இடப்பாதியைச் சார்ந்தது. வலக்கையை இயக்குவதும் அதுவே. பக்கம் மாறிய படத்தைக் கொண்டு ஆராய்ந்தால், பேச்சின் இருப்பிடமே இடம் மாறிவிடும்!

மேயோ மருத்துவமனையில் தோன்றிய 'அனலைஸ்' என்னும் பழைய கோப்பு வடிவில் இக்குறைதான் இருந்தது. படத்திற்கு முன்னுரை போன்றதொரு தலைப்புப் பகுதி, 348 பைட்டு அளவில், அதற்கு உண்டு. எனினும் வல இடத்தை அது ஐயத்திற்கிடமின்றிச் சொல்லவில்லை. ஒரு மென்பொருள் ஒருவிதமாகவும் மற்றொன்று வேறுவிதமாகவும் பொருள் கொண்டன. 2000-த்தை அடுத்த ஆண்டுகளில் அதற்குப் பரிகாரமாக 'நிஃப்டி' வடிவம் வந்தது. தலைப்பின் அளவு அதே 348 தான். ஆனால் முதல் அச்சு வலப்புறம் நோக்கியும், இரண்டாவது முன்புறம் நோக்கியும், மூன்றாவது உச்சி நோக்கியும் பெருகும் என்று வரையறுத்து, எண்வரிசையை அவற்றோடு பொருத்தும் கணக்கையும் எழுதிவைக்க இடம் தந்தது.

அத்தலைப்பின் முதல் எண்ணே 348 என்பதில் ஓர் அழகிய உபாயம் இருக்கிறது. நாம் அரபியை வலமிருந்தும் தமிழை இடமிருந்தும் வாசிப்பது போல, கணிப்பொறிகளும் எண்ணின் பைட்டுகளை இருவேறு திசைகளில் எழுதுவன. மென்பொருள் முதலில் அவ்வெண்ணை வாசிக்கும். 348 என்று வந்தால் நேராகத் தொடரும். வாராவிடின் திசையைத் திருப்பி வாசித்துப் பார்க்கும்.

தலைப்பை மட்டும் நம்பாத ஆய்வாளரும் உளர். படம் எடுக்கும் முன் வலது நெற்றிப்பொட்டில் வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றை ஒட்டிவிடுவார்கள். உள்ளே எண்ணெய் இருப்பதால் அது படத்தில் வெண்புள்ளியாக ஒளிரும். கோப்பை ஏற்றியதும் அவர்கள் முதலில் தேடுவது அப்புள்ளியைத்தான்.