வீடு உண்ணும் வெப்பம்

ஒரே வரைபடத்தின்படி எழுந்த இரு வீடுகள் குளிர்காலத்தில் ஒரே அளவு எரிவாயுவையே செலவிடும் என்று எவரும் எண்ணுவர். நாமும் அவ்வாறே எண்ணியிருப்போம். ஆனால் 1970களில், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள துவின் றிவேர்ஸ் என்னும் குடியிருப்பில் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மானிகளை வாசித்தபோது கண்டது வேறு. ஒத்த வீடுகளுள் ஒன்று மற்றொன்றைப்போல் இரு மடங்குக்கும் மேலாக எரித்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடியால் எரிபொருள் விலை ஏறிய காலம் அது. குடும்பத் தலைவருக்கு இது வெறும் விந்தையாகத் தோன்றியிராது.

குற்றம் யாருடையது? குடியிருப்போரின் பழக்கத்துக்கு இதிற் பெரும் பங்கு உண்டு. ஒரு குடும்பம் நீங்கி மற்றொன்று வந்ததும் அதே வீட்டின் செலவு மாறியது. எனினும் வீடும் நிரபராதியன்று.

சுவரின் பரப்பு, தடிப்பு, உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டு வெப்ப இழப்பைக் கணிக்கும் சூத்திரத்தை நாமும் கரும்பலகையில் எழுதியிருக்கிறோம். அச்சூத்திரம் பொய்யன்று, ஆனால் வீட்டின் வெடிப்புகளை அது அறியாது. ஆராய்ச்சியாளர் கூரையின்கீழ்ப் பரணில் வெப்பமானியை வைத்தனர். (மாணவர் எவரும் செய்யக்கூடிய காரியந்தான்.) கண்ணாடிப் பஞ்சு பரப்பிய அப்பரண் கணக்கின்படி குளிர்ந்திருத்தல் வேண்டும், அதுவோ வெதுவெதுப்பாயிருந்தது! பரண்வழி வெப்ப இழப்பு, கணித்ததைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. நிலவறையிலிருந்து மேலேறும் புகைபோக்கியைச் சூழ்ந்த இடைவெளியும், வீடுகளுக்கு இடைப்பட்ட சுவரின் பொள்ளற் கற்களும் வெப்பக் காற்றுக்குக் கள்ள வழிகளாயின. ஓட்டைக் குடத்துக்கு நீர் இறைத்த கதைதான்.

இத்தகைய வழிகளைத் தேட ஒரு கருவியும் கைக்கு வந்தது. சுவீடனில் முதலிற் சாளரத்தில் வைத்த விசிறியைப் பிறின்ஸ்ரனிற் கதவுநிலையிற் பொருத்தினர். மற்றக் கதவு, சாளரங்களை அடைத்துவிட்டு விசிறியால் உட்காற்றை வெளியேற்றினால், வெளிக்காற்று ஒவ்வொரு வெடிப்பாலும் உள்ளே நுழையும். அருகிற் சிறிது புகையைக் காட்ட, அது நெளிந்து ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். உள்ளும் புறமும் 50 பாஸ்கல் அமுக்க வேறுபாட்டை நிலைநிறுத்த விசிறி எவ்வளவு காற்றைத் தள்ளவேண்டியிருக்கிறதோ, அதுவே அவ்வீட்டின் ஒழுக்குக்கு அளவு.

துவின் றிவேர்ஸ் வீடொன்றில் இடைவெளிகளை அடைத்து, பரணிற் பஞ்சைக் கூட்டி, சாளரங்களுக்கும் காப்பிட்டனர். மறுபடி மானியை வாசித்தபோது, அறைகளைச் சூடாக்கும் செலவில் மூன்றில் இரு பங்கு குறைந்திருந்தது.