உங்களுக்குத் தெரியுமா? உறையும் துளிகள்

● 0 டிகிரிக்குக் கீழே போனால் நீர் உறைந்தே தீரும் என்று படித்திருப்போம். மேகத்துக்குள் அந்தக் கணக்கு செல்லாது. உறைவதற்குப் பற்றுக்கோடாக ஒரு தூசித் துகள் கிடைக்காவிட்டால், நுண்துளி மைனஸ் 20 டிகிரியிலும் நீராகவே மிதக்கும்.

● அந்தத் துளி விமான இறக்கையில் மோதினால், சுமார் கால் பங்குதான் அக்கணமே உறைகிறது. அப்போது வெளிப்படும் வெப்பத்தால் மீதி நீர் 0 டிகிரிக்கு ஏறி, இறக்கை மேல் பின்னோக்கி வழிந்து மெல்ல உறைகிறது. பெரிய துளிகளால் இப்படி உண்டாகும் பனி நிறமற்றது, கண்ணுக்கு எளிதில் படாது. உலோகத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். மிகச் சிறிய துளிகளோ விழுந்த இடத்திலேயே உறைந்து, இடையில் காற்று சிக்குவதால் வெள்ளையாகப் படியும்.

● விமானத்துக்கு ஆபத்து பனியின் எடையால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய கேடு, இறக்கையின் வடிவம் கெடுவது. உப்புத்தாள் அளவுக்குச் சொரசொரப்பான மெல்லிய படலமே தூக்குவிசையை 30 சதவீதம் வரை குறைத்துவிடும்.

● 1994 அக்டோபர் 31. சிகாகோவில் தரையிறங்க வேண்டிய ஏடிஆர்-72 விமானம், அனுமதிக்காக இண்டியானா மாநில வானில் வட்டமிட்டுக் காத்திருந்தது. இறக்கையின் முன்விளிம்பில், உப்பிச் சுருங்கிப் பனியை உடைக்கும் ரப்பர் பட்டை இருந்தது. அது வேலையும் செய்தது. ஆனால் தூறல் அளவுத் துளிகள் பட்டையைத் தாண்டிப் போய் உறைந்தன. அங்கே வரப்பாக எழும்பிய பனி காற்றோட்டத்தைக் கலைக்க, விமானம் திடீரெனப் புரண்டு ரோஸ்லான் அருகே வயலில் விழுந்தது. 68 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இவ்வளவு பெரிய துளிகளையும் கணக்கில் எடுத்துப் புதிய விமானங்களைச் சோதிக்கும் விதியை அமெரிக்கா வெளியிட்டது 2014இல். 20 ஆண்டுத் தாமதத்தை மனம் ஏற்கவில்லை.

● 1982 ஜனவரியில் வாஷிங்டனில், ஒரு போயிங் 737 விமானத்தின் இன்ஜின் முகப்பிலிருந்த அழுத்தக் குழாயைப் பனி அடைத்தது. உந்துவிசை போதுமான அளவு இருப்பதாகக் கருவி பொய் காட்டியது. உயரம் எடுக்க முடியாத விமானம், பாலத்தில் இடித்து பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. 78 பேர் இறந்தனர்.

● இறக்கையிடமிருந்து தூக்குவிசையைப் பறிக்கும் அதே பனி, மின்கம்பிக்கு அதைக் கொடுத்துவிடுகிறது! ஒரு பக்கமாகப் பனி படிந்த உருண்டைக் கம்பி இறக்கை போலாகி, காற்றில் மீட்டர் கணக்கில் மேலும் கீழும் துள்ளும். பொறியாளர்கள் இதை ‘கலோப்பிங்’ என்பார்கள்.

● மின்கோபுரங்களுக்கோ எடையே எமன். 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் நாள்கணக்கில் பெய்த உறைமழையில் 1,000க்கும் மேற்பட்ட உயர்மின் கோபுரங்கள் சரிந்தன. ஒன்று விழுந்ததும் கம்பி அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போனது. அதன் பிறகு இடையிடையே வலுவான கோபுரங்களை நிறுத்தினார்கள். சரிவு அங்கேயே நின்றுவிடும். கியூபெக்கின் லெவி துணை மின்நிலையத்தில், கம்பிகளில் பெரும் நேர்மின்னோட்டம் பாய்ச்சிச் சூடேற்றி, பனியை உதிர்க்கும் கருவியும் வந்துவிட்டது.