எழாத கணினி: லினக்ஸ் துவங்காமைக்குக் காரணங் காணும் முறை

பெருமாள்மலையில் வாழ்வார்க்கு ஒரு வழக்கம் உண்டு. வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பேருந்து குறித்த காலத்தில் வாராதொழியின், அது பழுதுபட்டு ஒழிந்தது என்று எவரும் முடிவு கட்டுவதில்லை. "ஊத்தைக் கடந்ததா?" என்றே முதற்கண் வினவுவர். கடந்ததெனின் ஊத்துக்கும் எம் ஊர்க்கும் இடையே தேடுவர். இல்லையெனின் அதற்குக் கீழே தேடுவர். புதிதாக நிறுவிய லினக்ஸ் துவங்காதபோதும் இவ்வெளிய முறையே கைக்கொள்ளத்தக்கது என்பதைச் சென்ற விடுமுறையில் யாம் பட்டறிந்தோம்.

லினக்ஸ் என்பது 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். நம் நாட்டிற்கும் அஃது அயலானதன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிலையத்தார் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை ஆக்கினர். 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் வழங்கப்பெற்றன.

கணினி விழித்தெழுதல் நான்கு படிகளில் நிகழ்வது. மின்விசையை அழுத்தியவுடன் தாய்ப்பலகையிலுள்ள நிலைபொருள் எழுந்து, துவக்கத்தக்க வட்டினைத் தேடுகின்றது. அது கிரப் என்னும் துவக்கியை அழைக்கின்றது. கிரப், கெர்னலையும் அதற்குத் துணையான ஒரு சிறு தற்காலிகக் கோப்பு முறைமையையும் நினைவகத்தில் ஏற்றுகின்றது. கெர்னல் மூல வட்டுப்பகுதியைக் கண்டு, ஏனைய பணிகளைத் துவக்கும் சிஸ்டம்-டி என்பதனிடம் பொறுப்பை ஒப்புவிக்கின்றது.

இனி, எப்படியில் நின்றது என்பதைத் திரையே உரைக்கும். துவக்கத்தக்க சாதனம் இல்லை என்று தோன்றின், நிலைபொருள் துவக்கியைக் காணவில்லை. "கிரப் ரெஸ்க்யூ" என்னும் சொற்கள் தோன்றின், கிரப்பின் முற்பகுதி எழுந்து, தன் எஞ்சிய பகுதியைக் காணாது திகைக்கின்றது; வட்டுப்பகுதிகளை நீக்கியோ மாற்றியோ அமைத்தார்க்கு இது பெரும்பாலும் நேரும். பட்டியல் தோன்றிய பின் திரை இருண்டுபோயின், வரைகலைச் செயலியின் மேல் ஐயங் கொள்க. அப்பட்டியலில் "இ" விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் ஈற்றில் "நோமோட்செட்" என்னும் சொல்லை ஆங்கில எழுத்தாற் சேர்த்து எஃப்-10 விசையால் துவக்கிப் பார்க்கலாம். அவசர நிலை என்று கூறி நின்றதாயின், வட்டுப்பகுதிகளைக் குறிக்கும் எஃப்-ஸ்டாப் கோப்பில் பிழையிருத்தல் கூடும்.

எமக்கு நேர்ந்தது முதற்படியின் பழுது. பழைய மடிக்கணினி ஒன்றில் விண்டோஸை நீக்காமல், அதன் அருகே டெபியனை நிறுவினோம். பென்டிரைவ் துவங்கவில்லை என்று நிலைபொருளை யு.இ.எஃப்.ஐ. முறையினின்று பழைய பயாஸ் முறைக்கு மாற்றியிருந்தோம். இறுதியில் கிரப்பை நிறுவ இயலவில்லை என்று தோன்றிய எச்சரிக்கையைப் படியாமலே கடந்தோம். மீண்டும் துவக்கியபோது லினக்ஸும் இல்லை, விண்டோஸும் இல்லை.

அவ்வட்டில், எம் பாட்டியார் தம் இறுதி யாண்டிற் பாடிய தாலாட்டுகள் ஒலிப்பதிவாக இருந்தன. அவர் இப்போது இல்லை. அப்பதிவுகளுக்கு வேறு பிரதியும் இல்லை. மலையடிவாரத்து நகரில் பழுது பார்ப்பவர் ஒருவர், "யாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவித் தருகிறேன்" என்றார். அன்று அதற்கு இசைந்திருப்பின் அக்குரல் என்றைக்கும் மறைந்திருக்கும்.

வீடு திரும்பி, நிறுவாமலே இயங்கும் லைவ் லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து துவக்கினோம். விண்டோஸ் பகுதியைப் படிப்பதற்கு மட்டும் திறந்து, ஒலிப்பதிவுகளை வேறொரு பென்டிரைவிற்குப் படியெடுத்தோம். அதன் பின்னரே ஆராயத் தலைப்பட்டோம். நிலைபொருளை யு.இ.எஃப்.ஐ. முறைக்கு மீட்டவுடன் விண்டோஸ் எழுந்தது. அஃது அழியவில்லை, தேடும் முறை மாறியதனால் காணப்படாதிருந்தது, அவ்வளவே.

அடுத்து, பென்டிரைவைப் புதிதாக ஆக்கி அதே முறையில் துவக்கினோம். சிஸ் என்னும் அடைவினுள் ஃபர்ம்வேர், அதனுள் இஎஃப்ஐ என்னும் அடைவு காணப்படின் முறை சரியென்று பொருள். நிறுவிய மூலப்பகுதியையும், ஃபேட்-32 வடிவிலுள்ள இஎஃப்ஐ பகுதியையும், டெவ், புராக், சிஸ் என்பவற்றையும் உரிய இடங்களில் இணைத்து, சிஎச்-ரூட் கட்டளையால் உள்ளே புகுந்தோம். கிரப்பின் இஎஃப்ஐ பதிப்பை நிறுவி, கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் என்னும் இரு கட்டளைகளையும் இட்டோம். மறுமுறை துவக்கியபோது பட்டியல் தோன்றிற்று, லினக்ஸ் எழுந்தது.

நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருந்து செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் மருந்து அதிகாரத்திற் காட்டிய நெறி. கணினிக்கும் அதுவே நெறியாகும். நண்பர்காள், நிறுவுமுன் படியெடுத்து வையுங்கள்; திரை கூறுவதைப் படியுங்கள்; எங்கே நின்றது என்று அறியாமுன் எதனையும் அழிக்காதீர்கள். பாட்டியாரின் தாலாட்டு இன்றும் எம் இல்லத்தில் ஒலிக்கின்றது.