குடகு – சிக்கமகளூர் ஸ்லோ ரோட் ட்ரிப்: 44,000 ரூபாய், கடன் இல்லாம

பெங்களூருல வேலை பார்க்கிற நம்ம ஆளுங்க கிட்ட குடகு ட்ரிப் பத்திக் கேட்டா, பாதிப் பேர் சொல்றது இதுதான்: "போனோம், ஓட்டினோம், வந்தோம்." மூணு நாள்ல அஞ்சு இடம், ரூமுக்கு ராத்திரி 11 மணிக்கு செக்-இன், அடுத்த மாசம் கிரெடிட் கார்டு பில். காப்பித் தோட்டத்தை கார் கண்ணாடி வழியா மட்டும் பார்க்க இவ்வளவு செலவா?

இந்த முறை நிதானமா ஒரு பயணம் போடுவோம். இரண்டு பேர், சொந்த கார், ஐந்து இரவு, தங்குமிடம் இரண்டே இரண்டு. முதல் மூன்று இரவு குடகில், சித்தாபுரா, விராஜ்பேட்டை பக்கம் ஒரு தோட்டத்து ஹோம்ஸ்டே. அடுத்த இரண்டு இரவு சிக்கமகளூர் அல்லது மூடிகெரே. மைசூரு, குஷால்நகர் வழியா குடகு. அங்கிருந்து சோமவாரப்பேட்டை, சக்லேஷ்பூர் வழியா மேலே. திரும்பும்போது ஹாசன் வழியா பெங்களூரு. உள்ளூர் சுற்றலையும் சேர்த்தா சுமார் 850 கி.மீ. சென்னையிலிருந்து கிளம்பினா போக வர இன்னொரு 700 கி.மீ கூட்டிக்கோங்க.

எப்போ போறது? என் ஓட்டு பிப்ரவரிக்கு. ரோபஸ்டா அறுவடை அப்போதான் முடியும் தறுவாயில் இருக்கும், களத்துல காப்பிப் பழம் காயற வாசனை வரும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள்ள ஒரு நல்ல மழை விழுந்தா, ஒரு வாரம் கழிச்சு மலையே வெள்ளையா பூக்கும். அந்தப் பூ சில நாள்தான் நிற்கும், தேதி குறிச்சு புக் பண்ண முடியாது, கிடைச்சா அதிர்ஷ்டம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஹோம்ஸ்டே ரேட் இறங்கும். ஆனா 2018-ல குடகுல நடந்த நிலச்சரிவை மறக்காதீங்க. முதல் முறை மலை ரோட்டுல ஓட்டறவங்களுக்கு அந்த டிஸ்கவுன்ட் வேண்டாம்.

இப்போ கணக்கு. மைலேஜ் 15, பெட்ரோல் 103 ரூபாய்னு வெச்சா எரிபொருள் 5,900. டோல் 1,000. ஹோம்ஸ்டேயில பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவுன்னு, காலை, ராத்திரி சாப்பாட்டோட சேர்த்துதான் ரேட் சொல்வாங்க. ஆளுக்கு 2,500 வீதம் 25,000. மதிய சாப்பாடு, காப்பி 4,800. நுழைவுக் கட்டணம், ஜீப் 3,000. மொத்தம் 39,700, பத்து சதவீதம் கையிருப்பு சேர்த்தா கிட்டத்தட்ட 43,700.

பெட்ரோல் இதுல ஏழுல ஒரு பங்குதான், கவனிச்சீங்களா? எல்லாரும் மைலேஜைப் பத்திக் கவலைப்படறோம், ஆனா பாதிக்கு மேல பணம் போறது தங்குமிடத்துக்கு. பேரம் அங்கேதான் பேசணும். மூணு நாள் தொடர்ந்து தங்கறோம்னு சொல்லி போன்ல கேட்டுப் பாருங்க, கொஞ்சமாவது குறைப்பாங்க.

போன்ல கேட்கறதுக்கு ஒரு ஜி.எஸ்.டி காரணமும் இருக்கு. 2025 செப்டம்பர் 22-லிருந்து, 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீதம்தான் வரி. ஜி.எஸ்.டி பதிவு தேவைப்படாத சின்ன ஹோம்ஸ்டேக்காரர் கிட்ட நேரடியா புக் பண்ணா அந்த வரியும் கிடையாது. அதே வீட்டை ஆப் வழியா புக் பண்ணா, வரி கட்ட வேண்டிய பொறுப்பு ஆப் நிறுவனத்துக்கு வந்துடும். கடைசியில அது உங்க பில்லுலதான் ஏறும். ஆப் கமிஷன் வேற. நேரடியா புக் பண்ணும்போது கேன்சல் பண்ணா பணம் திரும்பி வருமான்னு வாட்ஸ்அப்பில எழுத்தா வாங்கிடுங்க.

சொந்த கார் இல்லாதவங்க கவனிங்க. செல்ஃப் டிரைவ் கார் நாளுக்கு 2,500-னு வெச்சாலே ஆறு நாளுக்கு 15,000. நிதானப் பயணத்துல கார் பாதி நேரம் தோட்டத்து வாசல்ல நிற்கும், வாடகை மட்டும் ஓடும். அதுக்குப் பதிலா மடிகேரி வரை பஸ், அங்கே தேவையான அன்னிக்கு ஜீப். வாடகை கார்தான்னு முடிவு பண்ணா, கறுப்பு பலகையில மஞ்சள் எழுத்து இருக்கான்னு பாருங்க. தெரிஞ்சவர் வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுத்து விபத்து ஆனா, இன்சூரன்ஸ் க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

பஸ்ஸுல இன்னொரு லாபம் எல்.டி.ஏ. பழைய வரி முறையில இருக்கறவங்களுக்கு நான்கு காலண்டர் ஆண்டுத் தொகுதியில இரண்டு பயணத்துக்கு விலக்கு உண்டு. புதிய முறையில கிடையாது. அந்த விலக்கும் போக்குவரத்துக் கட்டணத்துக்கு மட்டும்தான். ஹோம்ஸ்டே பில்லை ஹெச்.ஆர் கிட்ட நீட்டாதீங்க. பெட்ரோல் பில்லைப் பல கம்பெனிகள் ஏத்துக்காது, பஸ் டிக்கெட்டுன்னா பேச்சே இல்ல.

பணம் எங்கிருந்து? ஜூன்ல மாசம் 5,500-க்கு ஒரு ஆர்.டி ஆரம்பிங்க. ஜனவரி வரை எட்டு தவணை, 44,000, வட்டி தனி. இதே பயணத்துக்கு 45,000 பர்சனல் லோன், 16 சதவீதம், 12 மாசம்னு எடுத்தா வட்டி சுமார் 4,000. பிராசஸிங் ஃபீஸ் 2 சதவீதம், அதுக்கு ஜி.எஸ்.டி, எல்லாம் சேர்த்து 5,050 தாண்டும். இரண்டு பேருக்கு தோட்டத்துல ஒரு ராத்திரி தங்கற காசு அது! இ.எம்.ஐ கட்டி முடிக்க அடுத்த பிப்ரவரி வந்துடும்.

லீவும் பணம்தான். ஞாயிறு கிளம்பி வெள்ளி திரும்பினா வீக்எண்ட் ரேட் தப்பிக்கும், ஆனா ஐந்து நாள் லீவ் வேணும். கையில நாலுதான் இருக்குன்னா, 60,000 சம்பளக்காரருக்கு ஒரு நாள் சம்பளப் பிடித்தம் 2,000. சனிக்கிழமை ராத்திரி ரேட் அதைவிடக் குறைவாத்தான் கூடும்னா சனியே கிளம்புங்க. நடுவுல வர்ற சனி ஞாயிறையும் லீவா எண்ணுற கம்பெனியான்னு பாலிசியை முதல்ல படிங்க.

அங்கே போய் என்ன பண்றது? காலையில தோட்டத்துல நடங்க. சில்வர் ஓக் மேல மிளகுக்கொடி, கீழே காப்பி. முதலாளி கிட்ட பேச்சு கொடுங்க. பறிச்சு பதப்படுத்தி வித்தா வருமானத்துல 25 சதவீதம்தான் வருமான வரிக்கு வரும், தானே வறுத்து அரைச்சு வித்தா 40 சதவீதம், மீதி விவசாய வருமானம். மாசாமாசம் டி.டி.எஸ் பிடிபடற நமக்குப் பெருமூச்சு வரும்தான்! ஆனா மழை தள்ளிப்போனா அவருக்கு விளைச்சல் அடிபடும். ராத்திரி கடம்புட்டு, அசைவம்னா கச்சம்புளி போட்ட பந்திக் கறி.

வரும்போது காப்பித்தூள் வாங்குவீங்க. பாக்கெட்டுல சிக்கரி எவ்வளவுன்னு போட்டிருக்கும். கலவைத் தூள்ல 51 சதவீதம் காப்பி இருந்தாலே சட்டப்படி போதும், அதனால விலையைப் பார்க்கறதுக்கு முன்னாடி அந்த எண்ணைப் பாருங்க.