உங்களுக்குத் தெரியுமா? பேட்டரி தீர்மானித்த அளவு!

உலகெங்கும் மாடல் டாங்கி செய்பவர்கள் அதிகம் கையாளும் 1:35 அளவை எந்தக் கணக்கு வல்லுநரும் வகுக்கவில்லை. அதை முடிவுசெய்தவை இரண்டு பேட்டரிகள்!

● 1961-இல் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து தமியா நிறுவனம், ஜெர்மனியின் பேந்தர் டாங்கியை மோட்டாரில் ஓடும் பிளாஸ்டிக் மாடலாகச் செய்தது. பேட்டரிகள் உள்ளே அடங்க எவ்வளவு இடம் வேண்டுமோ, அந்த அளவில் உடல் அமைந்தது.

● மாடல் நன்றாக விற்றது. அடுத்த டாங்கிகளையும் அதே அளவில் செய்ய நினைத்து அளந்து பார்த்தார் அந்நிறுவனத்தின் ஷுன்சாக்கு தமியா. அசலில் ஏறக்குறைய 35-இல் ஒரு பங்கு! பிறகு இத்தாலியின் இட்டலேரி, ஹாங்காங்கின் டிராகன் போன்ற நிறுவனங்களும் அதையே பின்பற்றின.

● இந்த மாடல் டாங்கிகளுக்குப் போர்க்களத்தில் அடிபட்ட தோற்றம் தர உதவுவது தலைமுடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரே. முதலில் துருநிறம், அது காய்ந்ததும் ஹேர் ஸ்பிரே, அதன்மேல் அக்ரிலிக் பெயின்ட். பிறகு தண்ணீர் தொட்ட பிரஷால் மெல்லத் தேய்த்தால் அடியிலுள்ள ஸ்பிரே கரையும். மேல் பெயின்ட் செதில்செதிலாக உதிர்ந்து துரு எட்டிப்பார்க்கும். பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி இது.

● இப்படித் தேய்க்கும்போது கை அடக்கம் மிக முக்கியம். மாடலில் 1 மில்லிமீட்டர் கீறல், நிஜ டாங்கியில் மூன்றரை சென்டிமீட்டர் காயம்!