ஒருநாள் இளைப்பாறல்

திருகோணமலையை அடுத்த கன்னியாவில் 7 வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. நிலத்தின் ஆழத்திற்குச் சென்ற நீர் அங்குள்ள வெப்பத்தால் சூடேறி, பாறைப் பிளவுகளின் வழியே மேலெழுகிறது. அதை மொண்டு தலையில் வார்த்துக்கொள்வோர் உடல் அயர்ச்சி தீர்ந்ததென மகிழ்வர்.

ஆத்தூர் வட்டார அங்கத்தினர்களாகிய நமக்கு அருகே வாய்த்திருப்பதோ குளிர்ந்த நீர். பழனி மலையடிவாரத்துக் காமராஜர் நீர்த்தேக்கத்திற்குக் கட்டுச்சோற்றுடன் காலையில் சென்று மாலையில் திரும்பிவிடலாம். நாளெல்லாம் தறியில் குனிந்திருந்த சின்னாளபட்டி நெசவாளருக்கும், வெயிலில் நின்ற குடியானவருக்கும் அம்மலைக்காற்றே மருந்து.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. கன்னியா நீர் குளிப்பதற்கு. இந்நீரோ திண்டுக்கல் நகர மக்கள் பருகுவதற்கு. ஆகவே நீரில் இறங்கித் துணி துவைத்தல் வேண்டா. கரையில் அமர்ந்து உண்டு, எச்சில் இலைகளை நாமே திரட்டிக்கொண்டு திரும்புவோமாக. பொதுச்சொத்தைப் பேணுதலே கூட்டுறவின் முதற்பாடமன்றோ?