கிற்றாரும் கொழும்பின் தெருவிசையும்

இசையும் இசைக்கருவியும் ஒருங்கே தோன்றி ஒருங்கே மறைவன என எண்ணுதல் இயல்பு. வரலாற்றை ஆராயுமிடத்து, கருவி மாயவும் இசை எஞ்சி நிற்றலைக் காண்கின்றோம். பண்டைத் தமிழரின் யாழ் வழக்கொழிந்தது. பண்களோ ஓதுவார் நாவில் நிலைத்தன. மறைந்த அக்கருவியின் இயல்பைப் பல்லாண்டு ஆராய்ந்து விபுலாநந்த அடிகள் இயற்றிய யாழ்நூல், 1947ஆம் ஆண்டு சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடிகள் காட்டிய ஆராய்ச்சி நெறி பெருங்கலைகட்கு மட்டுமே உரியதன்று. நம் நகரின் தெருவோரத்தில் ஒலிக்கும் கிற்றாருக்கும் அது பொருந்தும்.

துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையிலும் பிறவிடங்களிலும், மணவீட்டிலும் உல்லாசப் பயணத்திலும் பைலாவைக் கேளாதார் இலர். 'பைலா' என்னுஞ் சொல், ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், 1656இற் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆட்சி அகன்றது; ஆட்டத்தின் தாளம் அகலவில்லை. ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட காப்பிரி மக்களின் வழியினரும் மட்டக்களப்புப் பறங்கியரும் அதனைப் பேணி வந்தனர்.

இனி, பழைய கிற்றார் ஒன்று நம் கைக்கு எட்டுவதாகக் கொள்வோம். போர்த்துக்கேயர் கொணர்ந்த கருவி இதுவே எனத் துணிந்துவிடலாமோ? ஆகாது. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் மீட்டிய கிற்றார் இனக் கருவிகள் இன்றையவற்றினுஞ் சிறியன. அவற்றின் நரம்புகள் பெரும்பாலும் இவ்விரண்டாக இணைக்கப்பட்டவை. ஆறு தனி நரம்புகள் கொண்ட வடிவம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியே பரவிற்று. இன்றைய உடலமைப்பை வகுத்தவருள் முதன்மையானவர் ஸ்பானியக் கைவினைஞராகிய அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892). ஆகவே, நம் கையிலுள்ள கருவியினும் அதன் வழி ஒலிக்கும் தாள மரபே மூத்தது. உயிர் உடல் மாறுதல்போல, இசையும் கருவி மாறி வாழ்ந்திருக்கின்றது.

இஃது இலங்கைக்கே உரிய செய்தியன்று. 1879இல் மதேராத் தீவினர் ஹவாய்க்குக் கொண்டுசென்ற சிறு நரம்புக் கருவியே அங்கு உகுலேலே ஆயிற்று. ஜகார்த்தாவை அடுத்த தூகு என்னும் ஊரில், போர்த்துக்கேயத் தொடர்புடைய குடியினர் குரோன்சொங் இசையை வளர்த்தனர்.

கருவி மட்டுமோ, மொழியும் மாறிற்று. இருபதாம் நூற்றாண்டில், காவற்றுறையிற் பணியாற்றிய வொலி பஸ்தியன் இவ்விசைக்குச் சிங்களச் சொல்லுருவம் அளித்துப் பரப்பினார். பின்னர் நித்தி கனகரத்தினம் முதலியோர் தமிழிற் பாடி ஈழத்துப் பொப்பிசைக்கு வழிகோலினர். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்து தமிழகத்தையும் எட்டிற்று.

இவ்வரலாற்றின் பெரும்பகுதி ஏட்டில் இல்லை. முதியோர் நினைவிலேயே உள்ளது. 1983ஆம் ஆண்டு வன்செயலில் வெள்ளவத்தையில் தமிழர் இல்லங்கள் பல எரிந்தன; அங்கு வாழ்ந்தோர் பலர் பிறநாடு புகுந்தனர். வீட்டோடு இசைத்தட்டும் இசைக்கருவியும் அழியலாம். ஊரைவிட்டகன்ற முதியவரோடு அவர் கேட்ட பாட்டின் நினைவும் அகன்றுவிடும். தெருப்பாட்டென்று இகழ்ந்து நாம் வாளாவிருப்போமாயின், எஞ்சியதும் நமக்குக் கிட்டாது.

ஆதலின் மாணவர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. விடுமுறை நாளிற் கொட்டாஞ்சேனைக்கோ வெள்ளவத்தைக்கோ சென்று, கருவி மீட்டிய முதியவர் ஒருவரை வணங்கி வினவுக. கருவியின் நரம்பெத்தனை, எவ்வாறு சுருதி கூட்டினார், யாரிடங் கற்றார், எம்மொழியிற் பாடினார் என்பவற்றை அவர் கூறியவாறே எழுதிக்கொள்க. பெருநூல்கள் இத்தகைய சிறு குறிப்புக்களிலிருந்தே எழுகின்றன. குறிப்பெழுதப் பின்னரும் நாளுண்டு. கூறுவார்க்கோ நாள் சிலவே.